புள்ளி இல்லாத ம

விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கினாள்.

டம்ளர் திரையை நிறைத்தது.

எவர்சில்வர் டம்ளர். ஜன்னலோரம். இடப்பக்கமிருந்து வெயில்.

போன வாரம் இதே டம்ளரை பெனிட்டா ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தாள். நடுவில் வெள்ளையாய் ஒரு பளீர், சுற்றிலும் இருட்டு. டம்ளரா, டார்ச் லைட்டா என்று புகைப்படக் குழுவில் யாரோ கேலி செய்தார்கள்.

அவள் கேலி செய்யவில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவில், புதிதாகப் படம் எடுப்பவர்களுக்குக் கருத்துச் சொல்வது அவள் பொறுப்பு. முதலில் இரண்டு நல்லது, பிறகு ஒரு குறை. இரண்டு பூ, ஒரு முள். அதனால் குழுவில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர்.

போன வார முள் இது:

"ஃபிளாஷை அணையுங்கள். டம்ளரை ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். நேராக விழும் வெளிச்சம் பள்ளங்களை நிரப்பிவிடும். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் கொடுக்கும். கீறல்கூடத் தெரியும்."

இன்று பெனிட்டா எழுதியிருந்தாள்: "காலைல எடுத்தது முள்ளக்கா. நீங்க சொன்ன மாதிரியே."

சொன்ன மாதிரியேதான் எடுத்திருந்தாள்.

விளிம்புக்குக் கீழே எழுத்துகள் எழுந்து நின்றன.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் ஊசி கோடு போடாது. துடித்துத் துடித்துக் குழி குழியாகக் குத்திக்கொண்டே போகும். வெயில் சாய்ந்து வரும்போது குழியின் ஒரு பக்கம் ஒளி, மறு பக்கம் நிழல். அதனால்தான் வாசிக்க முடிகிறது.

வாசித்தாள்.

நவநீதம

கடைசி எழுத்தின் மேல் புள்ளி இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நாட்டில் எத்தனையோ நவநீதம் இருப்பார்கள்.

அம்மாவின் டம்ளரில் எழுத்துகள் போகப் போக மேலே ஏறும். கடைசி ம, விளிம்பின் சுருளில் முட்டும். புள்ளிக்கு இடமிருக்காது. அம்மா கடைக்காரரிடம் சண்டை போடவில்லை. "முடிக்காம விட்டுட்டான். விடு, நான் என்ன இப்பவே முடியப் போறேனா?" என்று சிரித்தாள்.

அம்மா மதுரையில் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

தம்பி அப்படித்தான் சொல்கிறான்.

கொஞ்ச நாளாக, நாக்பூரிலிருந்து அவள் கூப்பிடும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள். குளிக்கிறாள். கோவிலுக்குப் போயிருக்கிறாள். வீடியோவில் காட்டு என்றால், "வெளிச்சம் பட்டா அம்மாவுக்குக் கண்ணு கூசுதுக்கா. ஆபரேஷன் பண்ண கண்ணுல்ல."

டம்ளர் பழைய பாத்திரக்காரரிடம் போயிருக்கலாம். அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

இருக்கலாம்.

போனை நிமிர்த்தினாள். படத்தில் டம்ளரைத் தவிர வேறெதுவும் இல்லை.

டம்ளருக்குள் இருந்தது.

வளைந்த உலோகம் எதையும் வெளியே விடாது. அறை முழுவதையும் மெலிய வைத்துப் பிரதிபலிப்பாக உள்ளே வாங்கிக்கொள்ளும். ஜன்னல் ஒரு வெள்ளை நூல். அதற்கடுத்து ஒரு பச்சை நூல். அதற்கடுத்து இன்னொன்று. இன்னொன்று. சம இடைவெளியில்.

ஒரு வீட்டில் எது இப்படி வரிசையாக இருக்கும்?

கருத்தை எழுதினாள்.

"பூ: வெளிச்சம் சரியான பக்கம். பூ: எழுத்துகளில் ஃபோகஸ் கூர்மை. முள்: டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நன்றாகப் பின்னால் வந்து இன்னொரு படம் எடுங்கள்."

முள் பொய். அந்தப் படத்துக்கு நெருக்கம்தான் அழகு. தெரிந்தே தவறாகச் சொல்வது இதுவே முதல் முறை.

"மதியம் மறுபடி அங்க போவேன்க்கா. எடுத்து அனுப்புறேன்."

அங்கே. அப்படியானால் அது பெனிட்டாவின் வீடும் இல்லை.

தம்பியைக் கூப்பிட்டாள்.

"அம்மா என்ன பண்றாங்கடா?"

"இப்பத்தான் காபி குடிச்சாங்க. அசந்து தூங்குறாங்க."

"எதுல குடிச்சாங்க?"

"இதென்னக்கா கேள்வி?" சிரித்தான். "அவங்க டம்ளர்லதான். வேற எதுல குடுத்தா உங்கம்மா குடிக்கும்?"

அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

மதியம் படம் வந்தது.

ஜன்னல். ஜன்னலடியில் சின்ன இரும்பு அலமாரி, அதன் கதவில் பெயின்டில் ஓர் எண். அலமாரிமேல் டம்ளர். பக்கத்தில் கட்டில், பச்சைப் போர்வை. அடுத்த கட்டில், பச்சைப் போர்வை. கடைசிச் சுவர்வரை. மற்ற அலமாரிகளின்மேல் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கப்.

முதல் கட்டிலில் ஒரு கை. மணிக்கட்டுவரைதான் படத்துக்குள் இருந்தது. போர்வை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

கீழே பெனிட்டா எழுதியிருந்தாள்: "நான் பிசியோதெரபி குடுக்கப் போற முதியோர் இல்லம்க்கா. இந்தம்மா மட்டும் கப்ல குடிக்க மாட்டாங்க."

அதற்குள் குழுவில் ஒருவர்: "காலைப் படமே நல்லாருந்துச்சு. இன்னைக்கு முள்ளக்காவுக்கே முள்ளு குத்திருச்சு போல."

சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

அவள் அந்தக் கையைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் அதில் கை இல்லை, நிறம்தான் இருந்தது.

பழைய அளவுக்குச் சுருக்கினாள்.

எழுதத் தொடங்கினாள்.

"பூ: ஜன்னல் இருக்கிறது.

பூ: போர்வை சுத்தமாக இருக்கிறது.

முள்: கை ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. அடுத்த முறை முகத்தோடு எடுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். அம்மாவுக்குக் கண் கூசும்."