ஆனந்தராஜ் எழுதாத இரண்டு ரீல்

சிவசங்கரியின் கணவர் ஆனந்தராஜ் ஒரே ஒரு படத்துக்குப் பின்னணி இசை அமைத்தார். பன்னிரண்டு ரீல் முடித்த பிறகு தயாரிப்பாளர் அது வேண்டாமென்று சொல்லிவிட்டு, வேறொருவரை வைத்து முழுப் படத்துக்கும் புதிதாக இசையமைத்துக்கொண்டார். மறு மாதமே ஆனந்தராஜ் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

2004இல் அந்தப் படம் விருத்தாசலத்துக்கு வந்தது. பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் பூசும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, கூட வேலை செய்யும் வெண்மதியோடு மேட்னி போனாள் சிவசங்கரி. டைட்டிலில் புதிதாக இசையமைத்தவர் பெயர்தான் வந்தது. ஆனால் முதல் காட்சியிலேயே ஆனந்தராஜின் புல்லாங்குழல் கேட்டது.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குதே. நல்லாருக்குதுக்கா. யாரு ஊதுறாங்க?"

"எங்க வூட்டுக்காரரு."

வெண்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாயகி ரயிலேறும் காட்சியோடு அவர் எழுதியது முடிந்துவிடும். மீதி இரண்டு ரீலுக்கு அவர் எதுவும் எழுதவில்லை. அந்தக் காட்சி முடிந்தும் குழல் நிற்கவில்லை. அது சிவசங்கரி கேட்டிராத மெட்டு. வீட்டில் உட்கார்ந்து மெட்டுத் தேடும்போது ஊதுவாரே, அதுபோலத் தயங்கித் தயங்கி வந்து ஓரிடத்தில் நின்றுபோனது.

அப்படி நிற்கும்போதெல்லாம் அடுத்த வரியை அவள்தான் முணுமுணுத்துக் காட்டுவாள். இப்போதும் மெல்ல முணுமுணுத்தாள்.

குழல் அதை வாங்கிக்கொண்டு மேலே போனது.