பத்தாவது டேக்

குழந்தையை ஏமாற்றாமல் அழவைக்கும் ஒரே டைரக்டர் இந்தப் பூமியில் தான்தான் என்று அவள் அறிவித்தபோது, யூனிட்டே பயபக்தியோடு தலையாட்டியது.

"ஆறு வயசுல நான் ஸ்டார். சினிமாவோ சீரியலோ, அழுற சீன்னா, 'உன் நாய்க்குட்டி வண்டில அடிபட்டு செத்துப்போச்சு'ன்னு சொல்லுவாங்க. நான் நெஜமாவே கதறுவேன். சுத்தி நின்னு கை தட்டுவாங்க, படுபாவிங்க!"

"அந்த டைரக்டரை உள்ள தள்ளியிருக்கணும் மேடம்," என்றார் கேமராமேன்.

"டைரக்டர் இல்லய்யா. சொன்னது என்னைப் பெத்தவ! அவள்லாம் ஒரு தாயா?"

ஒன்பது டேக் போயின. நடிக்க வந்த சிறுமி சிரித்துக்கொண்டே நின்றாள். வெளிச்சமோ போய்க்கொண்டிருந்தது.

டைரக்டர் குனிந்து சிறுமியின் காதில் ஏதோ சொன்னாள். சிறுமி அலறினாள்.

"பொய்! நம்ம நாய்க்குட்டி சாகலன்னு சொல்லும்மா!"

குனிந்தபடியே அம்மா சத்தமில்லாமல் கேமராமேனுக்குக் கை காட்டினாள்: ஓடட்டும்.