பதிவு செய்த எண்

ஹெல்மெட்டால் ஓங்கிய முதல் அடியிலேயே கிளினிக்கின் கண்ணாடிக் கதவு நெடுக விரிசல் விட்டது. "விஜி, வெளிய வா" என்று கத்தினான் வெளியே நின்றவன். இன்னொரு கையில் செல்போனை நசுக்கிவிடுவது போலப் பிடித்திருந்தான்.

அவன் தெருமுனையில் கத்திக்கொண்டு வரும்போதே காத்திருந்தவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். டாக்டர் பரந்தாமன் விஜிக்குத் தையல் போட்டு முடித்ததும் பாடியில் இருக்கும் இன்னொரு கிளினிக்குக்குப் போயிருந்தார். மேனாம்பேட்டு கிளினிக்கில் மிஞ்சியது கதவைப் பூட்டிவிட்டு நின்ற நர்ஸ் ஆக்னஸும், டிரெஸ்ஸிங் அறையில் உதட்டுத் தையலோடு படுத்திருந்த விஜியும், அவளை பைக்கில் அழைத்து வந்தவனும்தான்.

ஆக்னஸ் டேப்லெட்டில் விஜியின் பக்கத்தைத் திறந்தாள். சீட்டு எழுதுவதெல்லாம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. டாக்டர் விரலால் ஒரு தட்டுத் தட்டினால், அவர் எழுதியது பதிவு செய்த எண்ணுக்குத் தமிழிலேயே போய்ச் சேர்ந்துவிடும். இன்றும் போயிருந்தது. 'முகத்தில் தாக்கப்பட்ட காயம். தாடை எலும்பில் விரிசல். விழுந்ததால் வந்ததல்ல.'

அந்த எண்ணை அழைத்துப் பார்த்தாள். வெளியே நின்றவனின் கையில் போன் அடித்தது.

இவன்தான். இந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் தங்கள் நம்பர் என்று ஒன்றைக் கொடுப்பதில்லை. நம்பர் என்றால் புருஷன் நம்பர். கர்ப்பமோ கட்டியோ, முதலில் அவன் சட்டைப்பைக்குத்தான் போகும். ஆக்னஸும் ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தாள். அடித்தவனுக்கே தகவல் அனுப்பி வரவழைத்திருக்கிறோம்.

டிரெஸ்ஸிங் அறைக்கு ஓடினாள். கூட வந்தவன் டீயை ஊதி ஊதி ஆறவைத்து, ஸ்பூனால் விஜியின் வாயோரம் விட்டுக்கொண்டிருந்தான்.

விஜியின் அண்ணனாக இருக்கும் என்று அவர்கள் வந்தபோதே முடிவு செய்திருந்தாள். அடிக்கிற வீட்டில் இப்படி டீ ஊதிக் கொடுக்கிற புருஷனை அவள் பார்த்ததில்லை. அவன் பைக்கை நிறுத்திவிட்டு வருவதற்குள், பேச முடியாத விஜி டேப்லெட்டை ஆக்னஸின் கையிலிருந்து வாங்கித் தானே எண்ணை அழுத்தியிருந்தாள். பிறகு வந்தவன், "மாடிப்படில வழுக்கிட்டா சிஸ்டர்" என்றான். குடும்ப மானத்துக்குச் சொல்லும் பொய். ஆக்னஸின் அண்ணனும் ஒரு ஆஸ்பத்திரியில் இதே படிக்கட்டைத்தான் சொன்னான்.

"அண்ணா, அவன் வந்துட்டான். உள்ள தாப்பா போட்டுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க."

அவன் பதறவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தான். "நீங்க போங்க சிஸ்டர். இவள நான் பாத்துக்கறேன்."

விஜி ஆக்னஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் தோலில் இறங்கியது. தைத்த வாயிலிருந்து காற்றும் எச்சிலும்தான் வந்தன.

"பயப்படாத. கூட ஆள் இருக்குல்ல." விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் அவளுக்குத் தெம்பு வந்தது.

கண்ணாடி கொட்டியது. அவன் சில்லுகளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தான். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"அவ எங்க?"

"யாரும் இல்ல. போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்."

"பண்ணு. நல்லா பண்ணு. அவங்க வர்றதுக்குள்ள இங்க ஒரு கொல உழும்." மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைப் புறங்கையால் தள்ளினான். அது தரையில் விழுந்து உடைந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இத நீங்கதான அனுப்புனீங்க? அனுப்பத் தெரியுது, வழி வுட மட்டும் தெரியாதா? தள்ளு."

"தள்ள மாட்டேன்."

அவன் தள்ளினான். அவள் மருந்து அலமாரியில் முதுகு மோதிக் கீழே விழுந்தாள். எழுந்தபோது கையில் டிரிப்ஸ் ஸ்டாண்ட் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் அடி தோளில் விழுந்தது. அவன் திரும்பினான். அடுத்தது காதுக்கு மேலே. அது இவன் ஒருவனுக்காக அடித்ததல்ல என்று அடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. பல வருஷங்களாக மார்புக்குள் மடங்கிக் கிடந்த ஒன்று கை வழியாக நீண்டு வெளியே போனது. சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவளைத் திடுக்கிட வைத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அவன் மண்டியிட்டு விழுந்தான். டிரெஸ்ஸிங் அறைக்குள் தட்டு ஒன்று உருண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே தவழ்ந்து, அறைக் கதவை நோக்கிக் கையை நீட்டினான்.

அந்தக் கையின் மேல் ஸ்டாண்டின் அடிப்பாகத்தை இறக்கினாள். எலும்பு முறிந்த அதிர்வு அவள் உள்ளங்கை வரை வந்தது.

"பொண்டாட்டிய அடிச்ச கைதான? வலிக்கட்டும்."

அவன் தலையைத் தூக்கி, புரியாதவன் போல அவளைப் பார்த்தான். ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. அறைக்குள் ஏதோ கனமாகச் சுவரில் மோதியது. அதுவரை மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த விஜியின் முனகல் நின்றுபோனது.

"நான் அவ தம்பி" என்றான். "புருசன் உள்ள கீறான்."