கம்பியோடு கட்டிய கை

பிடி நழுவாமலிருக்கத் தம்பியின் மணிக்கட்டுகளில் மாட்டிய பட்டைகளை ஜிம்மின் எடைக் கம்பியில் சுற்றி இறுக்குகிறான் அண்ணன். இன்றைக்கு இரண்டு சுற்று அதிகம். குனிந்த தம்பி தம் கட்டி இழுக்கிறான். நூற்று நாற்பது கிலோ தரையை விட்டு அசையவில்லை. கை கட்டுண்டதால் நிமிரவும் முடியவில்லை. அண்ணன் அவன் பையிலிருந்து போனை உருவுகிறான்.

"அண்ணா, அதை வச்சிடு."

"ரிசப்ஷன் பொண்ணுக்கு என்னென்னவோ எழுதி அனுப்பாமலே வச்சிருக்கியே, எல்லாரும் கேக்கட்டும்."

வாசல் ரிசப்ஷன் மேசையில் இருப்பவள் தலை நிமிர்கிறாள். சுவர்க் கண்ணாடி முழுக்க இளிக்கும் வாய்கள். தம்பி விரல்களை உள்ளே மடக்கப் பார்க்கிறான், பட்டை விடவில்லை. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, வெளியே துருத்தும் கட்டைவிரலின் வியர்வையைத் தன் துண்டாலேயே பதமாகத் துடைத்து, போனை அதன்மேல் வைத்து அழுத்துகிறான். போன் திறந்துகொள்கிறது.