தம்பி கையில் கரண்டி

“என்னடா கோலம் இது?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்தே சமையலறை தெரிந்தது. தம்பி அடுப்பின் முன்னால் நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி! வர்றதா சொல்லவே இல்லையே?” அவள் எழுந்தாள்.

“சொல்லிட்டு வந்தா இந்தக் காட்சி கிடைக்குமா?”

சொல்லாமல் வருவதுதான் அக்காவின் வழக்கம். அவளிடமும் யாரும் எதையும் சொல்வதில்லை. தம்பி தும்மினான் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், சாயங்காலத்துக்குள் எந்த ஆஸ்பத்திரி என்று சொந்தக்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் தம்பி லீவில் இருக்கிறான் என்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தகவல்.

அக்கா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்னடா இது, குழைஞ்ச சோறு?”

“ரிசோட்டோக்கா, இத்தாலிக்காரங்க சோறு. அந்தத் தட்டுல இருக்கு பாரு, ஓவன்ல சுட்ட பரங்கிக்காய். அதை மசிச்சு இதுல சேர்க்கணும். காய்கறி வேகவச்ச தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறிக்கிட்டே இருக்கணும். கையை எடுத்தா அடிப்பிடிச்சிடும்.”

“குக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சு எத்தனையோ வருஷமாச்சு. இந்த வீட்டுக்கு இன்னும் சேதி வரலையா?”

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே கரண்டியை இடது கைக்கு மாற்றப் போனான்.

“மாத்தாதீங்க. வலது கையாலயே கிளறுங்க” என்றாள் பெண்டாட்டி.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கையால் கிளறுவது என்பதற்குக்கூட உத்தரவா!

“ஏம்மா, அவன் பெரிய ஓட்டல்ல தலைமைச் சமையல்காரன். வருஷம் பூரா அடுப்புலதான் வேகறான். லீவுலயாவது காலை நீட்டி உட்காரட்டுமே. நீ கிளறினா உன் கை தேஞ்சு போயிடுமா?”

“இன்னிக்கு அவர்தான் கிளறணும் அண்ணி. ஒருத்தர் சாப்பிட வர்றார். அவர் வர்றப்போ இவர் அடுப்புகிட்ட நிக்கணும்.”

அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். புருஷனை வேலை வாங்குவது போதாது, ஆள் வேறு கூப்பிட்டு அதைக் காட்ட வேண்டுமாம்! இந்தத் திமிர் எந்தக் கடையில் கிடைக்கிறது?

“நம்ம வீட்டுல உன்னை ஒரு டம்ளராவது கழுவ விட்டிருப்பேனாடா?”

“நீ விடலைன்னுதான்க்கா சமையல் கத்துக்க வீட்டைவிட்டே ஓடினேன்.”

“பேச்சை மாத்தாதே. வேர்த்து ஊத்துது, முழுக்கைச் சட்டையோட நிக்கறே. ஒரு அரைக்கைச் சட்டை எடுத்துக் குடுக்கக்கூட இந்த வீட்டுல நாதியில்லை.”

தம்பி அவசரமாகச் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். “இன்னும் கொஞ்ச நேரம்தான்க்கா. நீ ஹால்ல போய் உட்காரேன்.”

பெண்டாட்டி ஒரு கரண்டி காய்கறித் தண்ணீரை அரிசியில் ஊற்றினாள். “நிறுத்தாதீங்க. நல்லாத்தான் கிளறுறீங்க.”

மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல ஒரு தட்டிக்கொடுப்பு! அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. கைப்பையை மேடைமேல் வைத்தாள். தம்பியை இடுப்பால் இடித்து நகர்த்தி, மரக்கரண்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“அண்ணி, வேண்டாம்! தயவு செஞ்சு அவர்கிட்ட குடுத்துடுங்க!”

“மாட்டேன். நான் இருக்கற வரைக்கும் என் தம்பி இங்க கரண்டி பிடிக்க மாட்டான்.”

அழைப்பு மணி அடித்தது. பெண்டாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு கதவைத் திறக்க ஓடினாள்.

“அக்கா, கரண்டியைக் குடு. விஷயம் என்னன்னா...”

“ஒரு விஷயமும் வேண்டாம். எல்லாத்தையும் கண்ணால பார்த்துட்டேன்.”

நரைத்த மீசையும் கையில் பழப்பையுமாக ஒரு பெரியவர் சமையலறை வாசலுக்கு வந்தார். அக்கா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். தம்பியின் வெறும் கையைப் பார்த்தார். முகம் வாடியது.

“இவர் கிளறலையா?”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் அக்காவுக்குக் கிடைக்குமா?

“அவன் எப்படிங்க கிளறுவான்? கரண்டி ரெண்டு தடவை கீழே விழுந்துடுச்சு. கை வெடவெடன்னு நடுங்குது, வலி தாங்காம கண்ணுல தண்ணி. அப்பவும் இந்த மகராசி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கல. பெத்த வயிறு இல்லைன்னாலும் வளர்த்த அக்கா வயிறுங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துடுச்சு. அதான் நானே வாங்கிட்டேன்.”

கரண்டி ஒரு தடவைகூட விழவில்லை. கை நடுங்கவும் இல்லை. ஆனால் தம்பி பெண்டாட்டியின் வண்டவாளத்தை வெளியாள் முன்னால் எடுத்துவிடும்போது, உப்பு காரம் சேர்க்காமல் சப்பென்றா சொல்வார்கள்?

சொல்லி முடித்த திருப்தியில் அக்கா நாத்தனாருக்கே உரிய பார்வை ஒன்றைப் பெண்டாட்டியின் பக்கம் வீசினாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பெரியவர் பழப்பையை மேடைமேல் வைத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார்.

“கத்தி பட்டு அறுந்த நரம்பாச்சே, அவ்வளவு சீக்கிரம் சேருமா? கை பழையபடி ஆயிடுச்சு, நேர்ல வந்து பாருங்கன்னு உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. நானும் நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடலாம்னுதான் கிளம்பி வந்தேன்.”

“முதலாளி, கை நல்லாயிடுச்சுங்க. இவ்வளவு நேரம் நான்தான்...” தம்பி கரண்டியை வாங்கக் கையை நீட்டினான்.

பெரியவர் அவன் தோளைத் தட்டினார்.

“ஏன் தம்பி மறைக்கறீங்க? கூடப் பிறந்த அக்காவே சொல்றாங்களே! ஓட்டலுக்கு நான் வேற ஆள் போட்டுக்கறேன்.”