நடுவில் இருந்த கடல்

"இந்தப் பாறை என் பக்கம். அவன் நாய் இது மேல படுக்கக் கூடாது," என்றார் அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமலே.

"நாய்க்குப் புரியிற மாதிரி நீங்களே சொல்லிடுங்கண்ணே. உங்க பேச்சைக் கேக்க அது ஒண்ணுதான் பாக்கி," என்றான் தம்பி.

அப்பா போய் ஒரு வருடமாகிறது. மனையில் கிழக்கே அண்ணன் வீடு, மேற்கே தம்பி வீடு. நடுவில் வெற்றுப் பாறை நிலம், அதன் முனையில் ஒரே கேட். எல்லை போட வந்த மூன்று சர்வேயர்களும் தலை தப்பியது போதும் என்று ஓடிவிட்டார்கள்.

கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டது கல்லம்மாவைத்தான். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துவதால் அந்தப் பட்டப்பெயர். அவளுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை என்று இருவரும் திடமாக நம்பினார்கள். அவளும் மூன்று நாள் சுத்தியலும் லென்சுமாக வெயிலில் காய்ந்தாள்.

"கிழக்குப் பக்கம் ஒரு கண்டத்தோட ஓரம். மேற்குப் பக்கம் வேற கண்டம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி ரெண்டும் மோதிக்கிச்சு."

"முதல்ல மோதினது யாரு?" என்றான் தம்பி.

"சந்தேகமென்ன, உன் பக்கம்தான்," என்றார் அண்ணன்.

"சும்மா இருக்கீங்களா? நடுவுல இந்தக் கறுப்புப் பட்டை பதினாறு அடி. இது ஒரு கடலோட அடித்தரை. ரெண்டுக்கும் நடுவுல மாட்டி, பூமிக்குள்ள நாப்பது கிலோமீட்டர் போய், நசுங்கி வெந்து மேல வந்திருக்கு. இந்தச் சிவப்பு மணிங்கதான் சாட்சி. அவ்வளவு அழுத்தம் இல்லேன்னா இந்தக் கல்லுல இது விளையாது. நடுவுல மாட்டினவங்க பாடு எப்பவும் இதுதான்."

"பாடம் போதும் கல்லம்மா. பட்டை யாருக்கு?"

"ரெண்டு கண்டத்துலயும் சேராது. அதனால உங்க ரெண்டு பேருக்கும் இல்லை."

அண்ணன் முகம் சுருங்கியது. தம்பிக்கும் இல்லை என்பது உறைத்ததும் மலர்ந்தது. தம்பிக்கும் அதே சந்தோஷம். அவள் தயாராக அடித்து வைத்திருந்த பத்திரத்தில், நடுப்பட்டையில் தங்களுக்கு உரிமையில்லை என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் போடுவது என்பதற்கு மட்டும் கால் மணி நேரம் சண்டை.

"அப்போ அது கவர்மெண்டுக்கா போகும்?" என்று பேனாவை மூடியபடி கேட்டார் அண்ணன்.

கல்லம்மா பத்திரத்தை மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"எதுக்கு? அப்பாவுக்குப் பிள்ளைங்க மூணு பேரு. கட்டிக் கொடுத்த அன்னைக்கே என்னை மறந்துட்டீங்க. நடுவுல பொறந்தவளுக்கு நடுப்பட்டை. கேட்டும் அதுலதான் இருக்கு, இனிமே நீயும் தம்பியும் பெல் அடிச்சுட்டு உள்ள வாங்கண்ணா."