நல்ல பேர்

இருமல் சிரப்பில் விஷம் கலந்திருந்ததும், அதைக் குடித்த குழந்தைகள் சிலர் இறந்துபோனதும் வெளியே தெரிந்த பிறகு, அந்த மருந்துக் கம்பெனியின் பேர் சந்தி சிரித்தது. பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தும், நேர்காணலுக்கு ஒரே ஒருவர்தான் வந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் பெண் மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், போன மாசம் நானே வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். இங்கே வேலை பார்க்கிறேன்னு சொன்னதுமே, உட்காரக்கூடச் சொல்லாம அனுப்பிட்டாங்க. உங்க அனுபவத்துக்கு எங்கே போனாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போவாங்க. இங்கே வந்து ஏன் மாட்டிக்கிறீங்க?"

"மருந்து வெளியே போறதுக்கு முன்னாடி, கடைசியா சோதிச்சுப் பார்க்கிற வேலை இது. அதை நான் செய்யணும்."

அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"சம்பளம் குறைச்சல் சார்."

"பரவாயில்ல."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"வீட்டுல இப்போ யாரும் பேசிக்கிறதில்ல மேடம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேர் இவ்வளவு கெட்டுப்போன கம்பெனியை எப்படி சார் நம்பி வர்றீங்க?"

"இப்போ நம்பல மேடம். நல்ல பேர் இருந்தப்போதான் நம்பினேன். அந்தப் பேரைப் பார்த்துத்தான், உங்க சிரப்பை என் பொண்ணுக்கு நானே ஸ்பூன்ல ஊத்திக் கொடுத்தேன்."

அவள் அவருடைய விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"எப்போ வந்து சேரட்டும்?" என்று அவரே கேட்டார்.